அவித்த மண்ணில் ஆறு மாங்கன்றுகள்

என் பொறுப்பில் ஒரு சின்ன மரப்பெட்டி இருக்கிறது. அதற்குள் ஐந்து கண்ணாடித் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் முத்திரை அளவில், தேன் நிறத்தில், கடதாசியை விட மெல்லியதாகத் தேய்த்து ஒட்டிய ஒரு கல். பல வருடங்களுக்கு முன் எங்கள் பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்து இரண்டு கிழமை தங்கிய வெள்ளைக்கார ஆய்வாளர் ஒருவர் போகும்போது அன்பளிப்பாகத் தந்தது. கல் ஸ்கொட்லாந்தில் ஏதோ ஒரு கிராமத்து வயலில் எடுத்ததாம். தாவரவியல் ஆய்வுகூடத்தில் நான் உதவியாளர். மாணவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் அந்தத் தகடுகளைக் காட்டுவார்கள். மற்ற நாட்களில் பெட்டியும் அதைப் பூட்டுகிற திறப்பும் என்னிடம்தான்.

நான் படித்துப் பட்டம் வாங்கியவள் அல்ல. ஆனால் அந்தக் கல்லுக்குள் இருப்பதை என் அளவுக்குப் பார்த்தவர்கள் எங்கள் கட்டடத்தில் இல்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு தகட்டை வைத்துக் குனிந்துவிடுவேன். அதற்குள் இருப்பது நாற்பது கோடி வருடத்துக்கு முந்திய ஒரு செடி. முழங்கால் உயரம்கூட இருந்திருக்காது. இலை இல்லை. இன்றைக்கு நாங்கள் சொல்கிற மாதிரி வேரும் இல்லை. நிலத்தோடு படுத்துக் கிடந்த தண்டும், அதிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய மயிர்களும்தான் அதற்கு வேர். பக்கத்தில் வெந்நீர் ஊற்று. ஒரு நாள் அது பெருகிச் செடியை மூடி, அழுக நேரம் கொடுக்காமல் அப்படியே கல்லாக்கிவிட்டது.

அந்தச் செடியின் கலங்களுக்குள், அதாவது உயிரணுக்களுக்குள், பூஞ்சணம் இருக்கிறது. பங்கசு என்று எங்கள் பாடப் புத்தகங்கள் சொல்லும். பாணில் பச்சையாகப் பிடிக்கிற ஜாதி அல்ல இது. நூல் நூலாக உள்ளே போய், கலத்துக்குக் கலம் கிளைவிட்டு, குட்டி மரம் போல நிற்கிறது. மண்ணிலிருந்து செடியால் எட்டி எடுக்க முடியாத சத்தை அது எடுத்துக் கொடுக்கும். செடி வெயிலில் ஆக்கிய சீனியில் அதற்குப் பங்கு கொடுக்கும். இன்றைக்குச் சண்டிலிப்பாய்ப் புகையிலை வேரை எடுத்து, காரக் கரைசலில் அவித்து, நீலப் பேனா மையையும் கள்ளு வினாகிரியையும் கலந்து சாயமேற்றிப் பார்த்தால் அதே குட்டி மரம் நீலமாக நிற்கும். வெங்காய வேரிலும் நிற்கும், மாமர வேரிலும் நிற்கும். இடையில் போனது நாற்பது கோடி வருடம்.

ஆனால் எனக்குப் பிடித்தது மூன்றாம் தகடு. அதில் இருப்பது வேறு பூஞ்சணம், கொடுக்க வந்தது அல்ல, தின்ன வந்தது. செடி அதை உள்ளே விடவில்லை. நுழைந்த நூலைச் சுற்றித் தன் கலத்துக்குள்ளேயே தடித்த சுவர் எழுப்பி அடைத்துவிட்டது. வேலி அடைக்கிற புத்தி அப்போதே இருந்திருக்கிறது. வந்தவன் அகப்பட்ட இடத்திலேயே இன்றைக்கும் கிடக்கிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனதுக்குள் ஒரு குளிர்ச்சி. எனக்கும் ஒருவரை அப்படி அடைத்து வைத்துப் பார்க்க ஆசை இருந்தது.

அவர் என் சித்தப்பா. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, எங்கள் வீட்டுக்குக் கிழக்கே அடுத்த காணி. அப்பா காலமான பிறகு எங்கள் வளவில் அம்மாவும் நானும்தான்.

எங்கள் காணியின் கிழக்கு மூலையில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. அம்மா கலியாணம் முடித்து வந்த வருடம் தன் கையால் வைத்த மரம். சண்டைக் காலத்துப் பெரிய இடப்பெயர்வில் ஊரோடு தென்மராட்சிக்குப் போய்த் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குக் கப்பி இல்லை, கதவு நிலைகள்கூட இல்லை. மரம் மட்டும் பிஞ்சு பிடித்து நின்றது. அம்மா சூட்கேசைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் அந்த மரத்தைத்தான் பிடித்தார். வீட்டைப் பிறகுதான் பார்த்தார்.

முன்பு இரண்டு காணிக்கும் நடுவே கிளுவை வேலி. மரம் வேலியைத் தாண்டிக் கை நீட்டியதில் யாருக்கும் முறைப்பாடு இருக்கவில்லை. அந்தப் பக்கம் விழுந்த பழத்தை அந்தப் பக்கத்தவர்கள் தின்றார்கள். சித்தப்பாவின் பிள்ளைகள் வெளிநாட்டில் நிலைத்த பிறகு வேலி போய் சீமெந்து மதில் வந்தது. அன்றிலிருந்து எங்கள் மரத்தின் இலைக்கும் அவருக்கும் பகை. இலை அவர் கிணற்றுக்குள் கொட்டுகிறதாம். முற்றத்தைக் கூட்டிக் கூட்டி நாரி முறிகிறதாம். இரண்டாம் வருடம் மதிலில் வெடிப்பு வந்தது. வேர்தான் என்றார். வேராகத்தான் இருக்கும், நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"மச்சாள், உந்த மரத்தைத் தறியுங்கோ. மதில் போகப்போகுது" என்று அவர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டிச் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது.

"மதில் உங்கடை, தம்பி. மரம் என்ரை" என்றார் அம்மா. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை.

அடுத்த கோடையில் மரத்தின் இலை கிழக்குப் பக்கமாகப் பழுத்துக் கொட்டத் தொடங்கியது. முதலில் ஒரு கொப்பு, பிறகு மூன்று, பிறகு நடுத்தண்டு வரைக்கும். நான் மதிலோடு ஒட்டி முழங்காலில் இருந்து அடிமரத்தைத் தடவிப் பார்த்தேன். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், மதில் பக்கமாக, பெருவிரல் தடிப்பில் துளைத்து மெழுகால் அடைத்த துவாரம். மெழுகைக் கிளறினேன். குப்பென்று பெருங்காயம் மணத்தது.

மரத்தைத் துளைத்துப் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. பெருங்காயத்துக்கு ஒரு பெரிய மாமரம் சாகுமோ என்பது எனக்குச் சந்தேகம்தான். மனிதன் கூடவே களைநாசினியும் ஊற்றியிருக்க வேண்டும். களைநாசினி மட்டும் ஊற்றியிருந்தால் எனக்கு நிச்சயமாகத் தெரிய வந்திருக்காது. பழைய புத்தியும் விடாமல் அதையும் சேர்த்து அடைத்ததால்தான் அகப்பட்டார். நாங்கள் பண்டத்தரிப்புக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போய் மாலைவரை நின்ற நாளில் மதில் ஏறி வந்து செய்திருக்க வேண்டும். வேறு நாளில் அம்மா வளவை விட்டு அசையவில்லை.

அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். குனிந்து மணந்து பார்த்தார். குசினிக்குள் போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்து வந்து குப்பைக் கிடங்கில் போட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரசத்தில் பெருங்காயம் இல்லை.

நான் அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். அம்மாவின் பார்வை முழுதாக மங்கும் முன்பே, அந்த மனிதனின் காணியில் அவர் ஆசையாய் வைத்த மரம் ஒன்று பட்டு நிற்பதை அம்மாவுக்குக் காட்ட வேண்டும். பொலிஸுக்குப் போவதோ ஊரைக் கூட்டி நியாயம் கேட்பதோ எனக்கு வேண்டாம். மரத்துக்கு மரம். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமில்லை. அந்த நாட்களில் அவர் இருமுவது கேட்டால்கூட எனக்கு உடம்பு பற்றி எரியும்.

மரம் முழுதாகச் சாகும் முன் மேற்குக் கொப்பில் கொஞ்சம் உயிர் இருந்தது. அதிலிருந்து தளிர்க்கட்டைகள் வெட்டி ஈரத்துணியில் சுற்றி வளாகத்துக்குக் கொண்டுபோய் ஒட்டுக் கட்டினேன். இரண்டு பிடித்தது. பெரிய சாடிகளில் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் வைத்து வளர்த்தேன். ஒன்றைக் கொண்டுவந்து வளவில் வைப்போமா என்று கேட்டபோது அம்மா வேண்டாம் என்றுவிட்டார். "அவன்ரை கண்ணுக்கு முன்னாலை இன்னொண்டைக் கொண்டந்து வைச்சுச் சாகக் குடுக்கிறதோ?" என்று கேட்டார். பட்ட மரத்தைத் தறித்தோம். அடிக்கட்டையைக் கிளப்ப அம்மா விடவில்லை. அதைச் சுற்றிக் கொத்திக் கத்தரி வைத்தார். கத்தரி நன்றாகக் காய்த்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு பின்னேரம் நான் ஸ்கூட்டியை உள்ளே எடுக்கும்போது படலையடியில் குடையோடு சித்தப்பா நின்றார்.

"பிள்ளை, நீ கம்பஸிலை ஒட்டுக்கண்டு கட்டுறனியாம். பின் காணியைக் கிறவல் போட்டு நிரப்பிப்போட்டன். மாங்கண்டு வைக்கலாம் எண்டு இருக்கிறன். உங்கடை மரத்தின்ரை ஒட்டு ஏதும் இருக்கோ?"

"எந்த மரம் சித்தப்பா?" வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"உந்தப் பட்டுப்போன மரம்தான். பாவம், நல்ல மரம். உதின்ரை பழம் மாதிரிப் பிறகு நான் ஒரு இடத்திலையும் தின்னேல்லை."

பாவம் என்றார். எச்சில் விழுங்கிக்கொண்டு சொன்னார். ஸ்கூட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததால்தான் என் கை சும்மா இருந்தது. மனிதருக்குத் துணிவு இருக்கலாம், இப்படியும் ஒரு துணிவு இருக்குமா? கொன்ற மரத்தின் பிள்ளையை, செத்த வீட்டுக்காரியிடமே வந்து கேட்கிறார்.

"எத்தினை கண்டு வேணும்?" என்று கேட்டேன்.

"ஒரு ஆறு."

"தாறன் சித்தப்பா. மாரிக்கு முதல் தாறன். முதலிலை மண்ணைப் பாக்கோணும்."

அவர் சந்தோஷமாகப் போனார். அவரை விட நான் சந்தோஷமாக இருந்தேன். கேட்டு முடிப்பதற்குள்ளேயே எனக்கு வழி தெரிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை அவருடைய பின் காணிக்குப் போய், ஆறு இடத்தில் மண் அள்ளிப் பைகளில் போட்டேன். பக்கத்தில் நின்று குடை பிடித்தார். "பிள்ளை சரியான வடிவாய்ச் செய்யுது" என்று மனைவியிடம் சொன்னது கேட்டது. வளாகத்தில் அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அரிதட்டுகளால் அரித்து, நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். எங்கள் செம்மண்ணில் ஒரு கரண்டி எடுத்தாலே பூஞ்சணத்தின் வித்திகள் மஞ்சளும் மண்ணிறமுமாக மணி மணியாய்க் கிடக்கும். அவருடைய கிறவலில் ஒன்றும் இல்லை. வன்னியில் எங்கோ ஆழத்தில் கிண்டி லொறியில் ஏற்றி வந்த மண். அதற்குள் ஒரு புல்லின் வேர்கூட ஒருநாளும் போனதில்லை. நான் ஆறையும் பார்த்தேன், ஆறும் வெறுமை.

அடுத்த வேலை மண் அவிப்பது. எங்கள் ஆய்வுகூடத்தில் அது வழக்கமான வேலைதான். பூஞ்சணம் உள்ள செடியையும் இல்லாத செடியையும் ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு பங்கு மண்ணை ஆவியில் அவித்து அதிலுள்ள உயிர் எல்லாவற்றையும் கொன்றுவிடுவோம். புட்டு அவிக்கிற பக்குவத்தில் நானும் அவித்தேன். ஆற வைத்து, திரும்ப அவித்தேன். மாங்கொட்டைகளைக் கழுவித் துடைத்து அந்த மண்ணில் போட்டேன். முளைத்த கன்றுகளில் சாடி மரங்களிலிருந்து தளிர்க்கட்டை எடுத்து ஒட்டினேன். சத்துக் கரைசல் ஊற்றி ஊற்றி வளர்த்தேன். கன்றுகள் என்ன மினுக்கம்! கரும்பச்சை இலை, தடித்த தண்டு. ஊட்டி விட்ட பிள்ளைகள் போல வளர்ந்தன. தேடித் தின்ன அவற்றுக்குத் தெரியாது. வேருக்குள் ஒரு குட்டி மரம்கூட இல்லை என்று ஒரு துண்டு வெட்டிச் சாயமேற்றியும் பார்த்துக்கொண்டேன்.

அந்த மாதங்களில் தகடுகளை அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். நாற்பது கோடி வருடமாக மண்ணில் நிற்கிற செடிகளில் முக்கால்வாசிக்கு மேல் இந்தத் துணையோடுதான் நின்றிருக்கின்றன. வேர் என்று ஒன்று உருவாகும் முன்பே இந்தச் சிநேகம் உருவாகிவிட்டது. நான் ஆறு கன்றுகளை அந்தச் சிநேகம் இல்லாமல், பட்டினி கிடக்கிற மண்ணுக்கு அனுப்பப் போகிறேன். யாரும் குற்றம் சொல்ல முடியாது. துளை இல்லை, மெழுகு இல்லை, மணம் இல்லை. நான் கொடுக்காமல் விட்ட ஒன்றால் அவை சாகும். சித்தப்பா பெருங்காயத்தோடு நின்றுவிட்டார், எனக்குப் படித்தவர்களின் வேலை கைவந்திருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஐப்பசியில் கன்றுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தானே கிடங்கு வெட்டி, தானே நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓலையால் நிழல் கட்டினார். மாரி முழுவதும் பையோடு போன சத்தில் கன்றுகள் நின்றன. மாசி பிறந்ததும் தொடங்கியது. புதுத் தளிர் இல்லை. இருந்த இலைகள் ஓரம் கருகி, ஊதாப் படிந்து, சுருண்டன. நான் காலையில் மொட்டை மாடியில் உடுப்பு விரிக்கிற சாட்டில் நின்று எண்ணுவேன். ஒரு கன்று முழுதாகக் காய்ந்தது. அடுத்தது காய்ந்துகொண்டு வந்தது. அவர் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். உரம் போட்டார். கன்றுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வயிறு நிறைந்தது.

இனி அம்மாவுக்குக் காட்டலாம் என்று ஒரு ஞாயிறு காலை அவரை மாடிக்குக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. படியேற நேரம் எடுத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்.

"என்னெண்டு உப்பிடிக் கருகுது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிறவலைச் சோதித்தது, மண் அவித்தது, கொட்டையைக் கழுவினது, ஒன்றும் விடவில்லை. கல்லுக்குள் பார்த்த குட்டி மரத்தையும் சொன்னேன். ஊரில் இந்த நுட்பம் யாருக்கும் பிடிபடாது என்றும் சொன்னேன். அம்மா சிரிப்பார், குறைந்தது என் தலையையாவது தடவுவார் என்று நினைத்திருந்தேன்.

"ஒட்டு எந்த மரத்தின்ரை?" என்று கேட்டார்.

"எங்கடை மரத்தின்ரைதான். அதுதானே அம்மா விசயம். அந்த மரத்தின்ரை பழத்துக்கு ஆசைப்பட்டவர், அதே மரம் தன்ரை கையிலை சாகிறதைப் பாக்கட்டும்."

அம்மா என் பக்கம் திரும்பினார். அந்த ஒற்றைக் கண் என்னைப் பார்த்த மாதிரி அதற்கு முன் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அவன் என்ரை மரத்தை ஒருக்காத்தான் சாக்காட்டினவன். நீ ஆறு தரம் சாக்காட்டுறாய்."

அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துத் தானே படி இறங்கிப் போனார். நான் மாடியில் நின்றேன். கீழே நான்கு கன்றுகளில் இன்னும் கொஞ்சம் பச்சை இருந்தது. அது அம்மாவின் மரம். ஒட்டுக் கட்டின கை என்னுடையது, கட்டும்போது ஒரு நாளாவது எனக்கு அது தோன்றவில்லை. சித்தப்பாவின் மரம், சித்தப்பாவின் மரம் என்றே பத்து மாதமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை விபரிக்க வேண்டாம். இரண்டு செத்துப் போயிருந்தன. அந்த இரண்டையும் கொன்றது நான்.

கீழே இறங்கி வந்தபோது அம்மா மாமர அடிக்கட்டையருகே குந்தியிருந்து, கத்தரிச் செடிகளுக்கு நடுவே மண்வெட்டிப் பிடியைக் கட்டையாகப் பிடித்துக் கொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த மண் நிரம்பிய இரண்டு பனையோலைக் கடகம். எந்தப் புதுப்பாத்தி போட்டாலும் அந்தப் பயிர் முன்பு நின்ற இடத்திலிருந்து ஒரு கை மண் எடுத்துப் போடாமல் அம்மா நட மாட்டார். வெங்காயத்துக்கு வெங்காய மண், கத்தரிக்குக் கத்தரி மண். மற்றவர்கள் அதை அவருடைய கிறுக்கு என்பார்கள். நான் ஆய்வுகூடத்தில் சேர்ந்த பிறகு அது கிறுக்கு இல்லை என்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் அவருக்குச் சொல்ல ஒருநாளும் நினைக்கவில்லை. ஒரு கடகத்தை நான் தூக்கினேன். மற்றதை அம்மா தன் இடுப்பில் வைத்தார்.

ஒழுங்கையால் சுற்றிப் போய்ச் சித்தப்பாவின் கேற்றைத் திறந்தோம். கதைபேச்சு நின்ற பிறகு அம்மா அந்த வளவுக்குள் கால் வைப்பது அதுதான் முதல்தரம். சித்தப்பா விறாந்தையிலிருந்து எழும்பினார். சால்வையைத் தேடினார், கிடைக்கவில்லை.

"வாங்கோ மச்சாள்… இருங்கோ… தேத்தண்ணி…"

"இருக்க வரேல்லை, தம்பி. கண்டுகள் காயுது எண்டு பிள்ளை சொன்னாள். என்ரை மரத்தடி மண் கொண்டந்தனான். வேரடியைக் கிண்டிப் போடுங்கோ." கடகத்தை அவருடைய காலடியில் வைத்தார். பிறகு சாதாரணமாகச் சேர்த்துச் சொன்னார். "பெருங்காயம் மணக்குமோ தெரியாது. மணந்தால் பயப்பிடாதேங்கோ."

அவருடைய முகத்தை நான் பார்த்தேன். நான் ஆசைப்பட்டதற்கும் மேலாகவே கிடைத்தது. கண் மதில் பக்கம் ஓடித் திரும்பி வந்து கடகத்தில் நின்றது. உள்ளே நின்ற மனைவி "என்ன பெருங்காயம்?" என்று கேட்டார். மனிதன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

அம்மா நின்று ஒவ்வொரு கன்றாகச் செய்வித்தார். வேர் அறாமல் கிண்டு, மண் போடு, அமத்து, தண்ணி விடு. நான்காவது கன்றுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இதை இஞ்சை வேண்டாம். கிளப்பி அங்கை, மதில் ஓரத்திலை வையுங்கோ. கிணத்துக்குப் பக்கத்திலை. அந்த இடம்தான் இதுக்குப் பழக்கம்."

அது எங்கள் அடிக்கட்டைக்கு நேர் எதிர்ப்பக்கம். வெடித்துப் பூசின மதிலுக்கு இரண்டு முழம்கூட இல்லை. சித்தப்பா மதிலைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மண்கட்டி உடையாமல் கன்றைக் கிளப்பி, அம்மா காலால் காட்டிய இடத்தில் நட்டார். அவருக்கு நாரி நொந்தது, எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும்போது ஒழுங்கையில் நான் கேட்டேன். "ஏனம்மா அவருக்கு உதவி செய்யிறியள்?"

"ஆர் உதவி செய்தது?" என்றார் அம்மா. வெறும் கடகத்தை மற்ற இடுப்புக்கு மாற்றினார். "அவன் என்ரை மரத்துக்குத் தண்ணி ஊத்தோணும். தன்ரை கையாலை ஊத்தோணும். இலை கொட்டோணும், அவன் கூட்டோணும். வேர் விடோணும், அவன்ரை மதில் வெடிக்கோணும். சாகிறவரைக்கும் கூட்டட்டும்."

"பிறகு தறிச்சுப்போட்டால்?"

"தறிக்கமாட்டான். பழம் தின்னத் தொடங்கினால் தறிக்கமாட்டான். தன்ரை எண்டு வந்திட்டால் ஒருத்தரும் பெருங்காயம் வாங்கப்போறேல்லை."

என் வஞ்சத்துக்கு ஒரு கோடைகாலத்துக்கு மேல் ஆயுள் இல்லை. அம்மாவுடையது மரத்தின் ஆயுளுக்குப் போடப்பட்டது. நான் அவருக்குப் பின்னால் நடந்தேன்.

வைகாசி முடிவதற்குள் நான்கும் தளிர்விட்டன. செம்பு நிறத் தளிர். மதிலோரத்துக் கன்றுதான் முந்தியது. பிறகொரு நாள் நான் சித்தப்பாவிடம் கேட்டு அதன் நுனிவேரில் ஒரு துண்டு எடுத்தேன். அவித்து, மையும் வினாகிரியும் ஊற்றி, தகட்டில் வைத்தேன். கலத்துக்குக் கலம் நீலக் குட்டி மரங்கள். அருகிலேயே ஸ்கொட்லாந்துக் கல்லையும் வைத்து மாறி மாறிப் பார்த்தேன். கிளை பிரியும் விதத்தில்கூட வித்தியாசம் சொல்ல முடியவில்லை. செத்தது என்று நாங்கள் தறித்த மரத்தின் அடியில், கத்தரி வேரில் தொங்கிக்கொண்டு அந்தப் பூஞ்சணம் இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறது. அந்த வேர்த்தகட்டை நான் மரப்பெட்டியில் ஆறாவதாக வைத்தேன். மாணவர்களுக்குக் காட்டும் நாளில் அதை மட்டும் எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவேன்.

இப்போது மதிலோரத்து மரத்துக்கு ஐந்து வயது. இந்த வருடம்தான் முதல் காய். சித்தப்பா மூன்று பழத்தைப் பையில் போட்டு மனைவியிடம் கொடுத்தனுப்பினார். அம்மா ஒன்றை அறுத்துத் தின்றார். மிச்சத்தையும் தானே தின்றார். எனக்குக் கொட்டை கிடைத்தது. அதை நான் ஒட்டச் சப்பினேன்.

காலையில் மதிலுக்கு அப்பால் விளக்குமாற்றுச் சத்தம் கேட்கும். சறக், சறக் என்று கிணற்றடியில் தொடங்கிக் கேற்றடிவரை போகும். நடுவில் நாரியைப் பிடித்து நிற்கிற இடைவெளியும் கேட்கும். அந்த நேரத்தில் அம்மா பிளேன்ரீயோடு அடிக்கட்டையில் போய் இருப்பார். அவருக்கு இப்போது இரண்டு கண்ணும் சரியில்லை, காதுதான் எல்லாம்.

போன கிழமை மதிலில் பூசின இடத்திலேயே மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பைக் கண்டேன். அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் விரலை அதில் வைத்தேன். கீழிருந்து மேலே மெல்ல மெல்லத் தடவிக்கொண்டு போனார். ஒரு சாண் போனதும் கோடு முடிந்தது. விரலை எடுத்து அதில் ஒட்டிய சுண்ணாம்பைச் சேலையில் துடைத்தார்.

"இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்றார்.